நேரில் சொன்னது

என் மாமியை விழுத்தியது ஒரு மான். திருகோணமலைக்கு வெளியே சொன்னால் நம்பமாட்டார்கள். இங்கே மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. பஸ் நிலையத்தில் படுத்துக் கிடக்கும். கடை வாசலில் நின்று கடதாசி தின்னும். சந்தையால் வருகிறவர்களின் பையை முகர்ந்து பார்க்கும். அன்றைக்கு மாமியின் பையில் ஒரு கட்டு வல்லாரை இருந்தது. மான் பிடித்து இழுத்தது. மாமி விழுந்தார். இடுப்பெலும்பு வெடித்தது.

எலும்பு பொருந்திவிட்டது. பிரச்சினை எலும்பில் இல்லை. பஸ்சுக்கு நின்ற எவனோ ஒருவன் அதைக் கைபேசியில் எடுத்து, ஒரு பாட்டையும் சேர்த்து இணையத்தில் விட்டுவிட்டான். மாமி விழுந்த பிறகுதான் அந்தப் படம் தொடங்குகிறது. அவர் நிலத்தில் கிடக்கிறார். சீலை முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. பக்கத்தில் மான் நின்று அசைபோடுகிறது. சுற்றிவர ஆட்கள் சிரிக்கிறார்கள். கனடாவில் இருக்கிற அவருடைய மகள் லக்சனா, நான் விசயத்தைச் சொல்வதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டாள். அவளோடு வேலை செய்கிற ஒருத்தி, அது யாரென்று தெரியாமல், சிரிக்கிற பொம்மைகளோடு அனுப்பியிருந்தாள்.

அதன்பிறகு மாமி வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. முன்னறை யன்னலைப் பூட்டினார். கைத்தடியோடு வீட்டுக்குள் நன்றாகவே நடந்தார், குசினிக்கும் கிணற்றடிக்கும் போனார். வாசலுக்குப் போனால் மட்டும் நெற்றி வேர்க்கும், திரும்பி வந்து கட்டிலில் இருந்துவிடுவார். பகலில் நித்திரை, பாதிச் சாப்பாடு. துறைமுகக் கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் கப்டன்மாரையே பெயர் கேட்டுக் காக்கவைத்த மனிசி, வீட்டுத் தொலைபேசி அடித்தால் என்னைப் பார்த்தார்.

நான் சிவரூபன். மாமி என் அப்பாவின் அக்கா. துறைமுகத்துப் பக்கம் ஓர் ஆலையில் இரவு வேலை செய்தேன். ஒரு விடியலில் வெளியே வந்தவன் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள், காரணம் எனக்கே தெரியாது. மாமி வீட்டுப் பின்னறைக்கு வந்து, கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்தேன். மாமி ஒருநாளும் காரணம் கேட்கவில்லை. கேட்காதபடியால் அங்கேயே இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

லக்சனா அழைத்தபோது கைபேசியை மாமியின் கட்டிலில் வைத்தேன்.

"அம்மா, ஓகஸ்டில நான் வாறன். அதுக்குள்ள நீங்கள் உங்கட பாட்டில வெளியில போய்வர வேணும். இல்லையெண்டால் வீட்டைப் பூட்டிப்போட்டு கொழும்பு வெள்ளவத்தையில ஒரு விடுதி பாத்திருக்கிறன். நேர்ஸ்மார் இருக்கினம். நல்ல இடம்."

"நான் இஞ்ச நல்லாத்தானே இருக்கிறன்."

"யன்னலைப் பூட்டிக்கொண்டு இருக்கிறது நல்லா இருக்கிறதோ? சிவரூபனை நம்பி விடவும் ஏலாது. அவனே மத்தியானம்தான் எழும்புறான்."

"நான் இஞ்சதான் நிக்கிறன் மச்சாள்" என்றேன்.

"தெரிஞ்சுதான் சொல்லுறன்" என்றாள் லக்சனா.

அவள் கெட்டவள் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தவள். அழைப்பு முடிந்த பிறகு மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க கொண்டுபோய் விட்டால் நான் கன நாளைக்கு இருக்கமாட்டன்." மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. கறிக்கு உப்புக் காணாது என்பதுபோலத்தான் சொன்னார்.

அடுத்த கிழமை கீர்த்தனி வந்தார். முதியோர் மனநலத் திட்டம் ஒன்றில் வேலை செய்பவர். ஆஸ்பத்திரியில் மாமியைப் பார்த்த டொக்டர்தான் அனுப்பியிருந்தார். ஸ்கூட்டரில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பெட்டிக்குள் ஒரு பெரிய கண்ணாடி இருந்தது. தலையில் மாட்டினால் இரண்டு கண்ணையும் முழுதாக மூடிவிடும். உள்ளே படம் ஓடும். ஆனால் ரீவி மாதிரி முன்னால் ஓடாது. நாங்கள் படத்துக்கு நடுவில் நிற்போம். தலையைத் திருப்பினால் பக்கமும் தெரியும், பின்னாலும் தெரியும்.

மாமி அதைத் தொடவில்லை. "இது என்னைப் படம் எடுக்குமோ?"

"இல்லை அம்மா. நீங்கள்தான் பாப்பியள். உங்களை ஒருத்தரும் பாக்க ஏலாது."

மாமி கையை நீட்டினார். "அப்ப தா பிள்ளை."

முதலில் ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை. மாமி தலையை இரண்டு பக்கமும் திருப்பினார். "கடல் எங்கட ஒழுங்கை முடியிற இடத்திலயும் கிடக்கு. அதில மணமாவது வரும்." பிறகு பனி மலை. அதையும் பார்த்தார். "இதில ஒரு மனிசரையும் காணேல்ல. எனக்கு ஆக்களுக்குத்தான் பயம், பிள்ளை. மலைக்கில்லை."

கீர்த்தனி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் வீடியோ எடுக்கிற ஆள்தானே? எங்களிட்ட கமரா ஒண்டு இருக்கு. சுத்திவர எடுக்கும். இந்தப் படலையை எடுங்கோ. பிறகு ஒழுங்கையை, றோட்டை, சந்தையை. ஒண்டு அலுத்த பிறகுதான் மற்றது. அலுக்குமட்டும் பாக்கட்டும்."

"அலுத்தால்?"

"அலுத்ததுக்கு ஆரும் பயப்பிடமாட்டினம்."

கமரா சின்னது, முன்னுக்கும் பின்னுக்கும் கண் உள்ளது. ஒரு தடியில் பொருத்தி நிறுத்தவேண்டும். அது எல்லாப் பக்கமும் பார்க்கும் என்பதால் எடுக்கிறவன் ஒளிந்துகொள்ள வேண்டும். படலைக்கு முன்னால் நிறுத்திவிட்டு நான் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். பார்த்தவுடனே மாமி சொன்னார்: "நான் என்ன மதில்ல இருக்கிற காகமோ? நிலம் எங்கயோ கிடக்கு." என் உயரத்துக்கு எடுத்துவிட்டேன். மாமி என் தோளளவுதான். தடியைக் குறைத்து மறுபடி எடுத்தேன்.

படலை சீக்கிரம் அலுத்தது. ஒழுங்கை கொஞ்சம் கூட நேரம் எடுத்தது. முதல் நாள் ஒழுங்கைப் படத்தில் மாமியின் கை கதிரையை இறுக்கிப் பிடித்திருந்தது. கீர்த்தனி பக்கத்தில் இருந்து, "பத்துக்கு எத்தினை பயம் அம்மா?" என்று கேட்டார்.

"சோதினை வைக்கிறியோ? எட்டுப் போடு."

சில நாட்களில் மாமி எண்ணை விட்டுவிட்டு ஊர்வம்பு பேசத் தொடங்கினார். "தம்பிராசாவுக்கு வயிறு வைச்சிட்டுது. ஓட்டோவைக் கழுவுறான், சக்கரத்தைக் கழுவுறானில்லை." தம்பிராசா எங்கள் ஒழுங்கை முடிவில் முச்சக்கரவண்டி வைத்திருப்பவர். நான் போய் அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் அவர் சக்கரத்தைக் கழுவிவிட்டு, "இப்ப ஒருக்கா எடு, அக்கா பாக்கட்டும்" என்றார்.

சந்தைக்குக் கமராவைக் கொண்டுபோனபோதுதான் ஒரு பிழை நடந்தது.

அபூதாஹிர் மீன் விற்பவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மாமி எத்தனையோ வருசமாக அவரிடம்தான் வாங்குவார். ஒருநாளும் அவர் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. அவருடைய பலகைக்கு முன்னால், மாமி வழக்கமாக நிற்கிற இடத்தில், தடியை நிறுத்தினேன். "காக்கா, இது புஸ்பராணி மாமி பாக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கமராவைத் தூக்கிப் பிடித்தால், மற்றப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது வெளிநாட்டில். சீலைக் கடையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு "இந்த நிறமோ, அந்த நிறமோ" என்று லண்டனைக் கேட்பார்கள். செத்த வீட்டில் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அபூதாஹிரும் அப்படித்தான் நினைத்தார். மாமி அந்த நேரத்திலேயே வீட்டில் இருந்து தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, குனிந்து, கமராவின் முகத்துக்கு நேரே நின்றார்.

"அக்கா, சொகமா இருக்கீங்களா? இடுப்பு எப்பிடி? நான் வரணும் வரணும் எண்டுதான் இருந்த. மகள் றிஸ்னாக்குக் கலியாணம் அக்கா. அடுத்த மாசம், ஞாயித்துக்கெழம. வூட்ட வந்து சொல்லத்தான் நெனச்ச. இப்ப ஆள முன்னுக்குக் காணுறன், இதுலயே சொல்லிர்றன். கட்டாயம் வரோணும். நீங்க இல்லாம என்ன கலியாணம்?"

பிறகு அவர் பேசாமல் நின்றார். பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகைக்காரன் ஏதோ கேட்டான். "இரு, அக்கா கதைக்கப் போறாங்க" என்று கையைக் காட்டி மறித்தார். நான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இருந்து வாயைத் திறக்கவில்லை. திறந்தால் முழுதையும் மறுபடி எடுக்க வேண்டிவரும். கடைசியில் அவர், "சிக்னல் இல்ல போல" என்று முணுமுணுத்துவிட்டு வெட்டுக் கத்தியை எடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கலியாண அட்டை கொடுத்தனுப்பினால் அது அழைப்பு இல்லை. வந்து, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரின் வீட்டுக்குப் போகாவிட்டால் கோபம் என்று அர்த்தம், பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாமல் போகும். தமிழருக்கும் அப்படித்தான், முஸ்லிம்களுக்கும் அப்படித்தான். மாமி விழுந்த பிறகு வந்த அட்டைகளை எல்லாம் வெளியில் வைத்து என்னிடம்தான் கொடுத்தார்கள். சுகமில்லாத மனிசியைக் கரைச்சல்படுத்துவான் ஏன் என்று. மாமி அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வந்து சொல்லேல்லைத்தானே" என்பார். அது அவருக்கு வசதியாக இருந்தது.

நான் கீர்த்தனியிடம் காட்டினேன். "வெட்டவோ?" என்று கேட்டேன். சந்தையே முதல் தரம். அதற்குள் ஒருவர் முகத்துக்கு நேரே வந்து கலியாணத்துக்கு வா என்றால், மாமி கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பவும் யன்னலைப் பூட்டலாம். ஓகஸ்டுக்கு அதிக காலமில்லை.

கீர்த்தனி இரண்டு தரம் பார்த்தார். "எனக்கும் பயமாத்தான் கிடக்கு. ஆனா இது அவவுக்கு வந்த அழைப்பு. வெட்டுறதுக்கு நீங்களும் ஆரு, நானும் ஆரு?"

அன்றைக்குப் பின்னேரம் மாமி கண்ணாடியைப் போட்டுக் கதிரையில் இருந்தார். படம் கண்ணாடிக்குள்ளே ஓட, அதே படம் என் கைபேசியிலும் தெரிந்தது. மாமி எங்கே பார்க்கிறார் என்பதும் தெரிந்தது. முதலில் மீனைப் பார்த்தார். "பாரைக்குக் கண் செத்துப்போச்சு. நேற்றையான்." பிறகு கூரையை, நாயை, ஆட்களை. பின்னால் திரும்பினார். "ஐஸ் பெட்டிக்குப் பின்னால குந்தியிருக்கிறது நீயோ? முதுகு தெரியுது, விசரா."

பிறகு அபூதாஹிர் குனிந்தார்.

மாமியின் தலை அசையவில்லை. அவர் சொல்லி முடிக்குமட்டும் கேட்டார். அபூதாஹிர் காத்துக்கொண்டு நின்றார். மாமி கதிரையில் நிமிர்ந்தார். சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். நான் படத்தை நிறுத்தப் போனேன், கீர்த்தனி என் கையைப் பிடித்து மறித்தார்.

"ஓம் அபூதாஹிர், வாறன்" என்றார் மாமி.

கண்ணாடியைக் கழற்றியபோது கண் ஓரம் சிவந்திருந்தது. கண்ணாடி இறுக்கமாக இருந்ததாகவும் இருக்கலாம். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மாமி, அது எடுத்து வைச்ச படம். நீங்கள் சொன்னது அவருக்குக் கேக்காது."

"எனக்குத் தெரியாதோ? துறைமுகத்தில முகம் தெரியாதவனுக்கெல்லாம் பதில் சொன்னனான். ஒருத்தனையும் லைனில சும்மா விட்டதில்லை. இவன் முகத்துக்கு நேர நிண்டு கேக்கிறான்."

"அப்ப போகப்போறியளோ?"

"ஓம் எண்டிட்டன். அவனுக்குக் கேக்கேல்ல. எனக்குக் கேட்டது."

சொல்வது சுகம், செய்வதுதான் கஷ்டம். அடுத்த நாள் மாமி படலைவரை வந்தார். அதற்கு அடுத்த நாள் ஒழுங்கையின் பாதிவரை. கண்ணாடியில் வெயில் இல்லை, தூசி இல்லை, நெஞ்சு இப்படி அடிப்பதில்லை என்று என்மேல் பாய்ந்தார், நான்தான் வெயிலைச் செய்தவன் மாதிரி. நான் இரண்டு அடி பின்னால் நடந்தேன். கையைக் கொடுக்க வேண்டாம் என்று கீர்த்தனி சொல்லியிருந்தார்.

ஒழுங்கை முடிவுக்குப் போன அன்று எல்லாம் கெட்டது. ரியூசன் விட்டு வந்த பெட்டையள் கூட்டமாக நின்று எதற்கோ சிரித்தார்கள். மாமியைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவர்கள் மாமியைக் கவனிக்கவேயில்லை. ஆனால் மாமி அப்படியே திரும்பினார். கைத்தடி கல்லில் பட்டுத் தடுக்கியது, விழவில்லை. வீட்டுக்கு வந்ததும் யன்னலைப் பூட்டினார்.

"வெள்ளவத்தைக்கே போறன். அங்க ஆருக்கும் என்னைத் தெரியாது" என்றார்.

நான் கிணற்றடியில் போய் இருந்தேன். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. லக்சனா சொல்வது சரிதான், என்னை நம்பி ஒருவரையும் விட ஏலாது என்று நினைத்தேன். மாமி போனால் என் பின்னறையும் போகும் என்பதையும் நினைத்தேன். இரண்டையும் ஒன்றாகத்தான் நினைத்தேன்.

கீர்த்தனி வந்து கேட்டுவிட்டு, அதிகம் யோசிக்கவில்லை. "நாங்கள் இடத்தைத்தான் எடுத்திருக்கிறம். சிரிப்பை எடுக்கேல்ல. சிரிப்பை எடுத்துக்கொண்டு வாங்கோ."

நான் ரியூசன் வாசலுக்குப் போய், என்னத்துக்கு என்று உள்ளதைச் சொன்னேன். பெட்டையள் முதலில் வெட்கப்பட்டார்கள். சிரியுங்கோ என்று சொன்னால் ஒருத்தருக்கும் வராது. நான் தடியை நிறுத்திவிட்டு ஒளிய இடமில்லாமல் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் குந்தினேன். அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நிற்பாட்டவே முடியாத சிரிப்பு.

மாமி அதைப் பார்த்தார். முதல் தரம் பாதியில் கழற்றினார். மறுநாள் முழுதும் பார்த்தார். பிறகு தினமும். கை கதிரையை விட்டு மடிக்கு வந்தது. ஒருநாள் சொன்னார்: "என்னத்துக்கு இந்தப் பிள்ளையள் எந்த நேரமும் பல்லைக் காட்டுதுகள்? அந்தக் கரையில நிக்கிறவளுக்குப் பல்லும் சரியா மினுக்கேல்ல. போதும், கழட்டு. அலுப்பாக் கிடக்கு."

அடுத்த நாள் காலை யன்னல் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை.

கலியாண நாள் மாமி அலுமாரியில் இருந்து கடும் பச்சைச் சீலையை எடுத்து உடுத்தார். தம்பிராசா வண்டியைக் கொண்டுவந்து படலையில் விட்டார். சக்கரம் கழுவியிருந்தது. நான் கமராவையும் தடியையும் கொண்டுபோனேன். கலியாண வீட்டை எடுத்தால் மாமி பிறகும் பார்க்கலாம் என்பதுதான் எண்ணம்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்கு வந்ததும் மாமி, "நிப்பாட்டு" என்றார்.

"மண்டபம் அங்கால அக்கா" என்றார் தம்பிராசா.

"நான் நேற்றுத்தான் இந்த ஊருக்கு வந்தனானோ? நிப்பாட்டு. நான் நடந்து வாறன்."

பஸ் நிலையத்துக்கு முன்னால் மான்கள் படுத்திருந்தன. ஒன்று மட்டும் நின்றது. மாமி இறங்கி, கைத்தடியை ஊன்றி, ஒருதரம் நின்றார். கழுத்து வேர்த்திருந்தது. பிறகு நடந்தார். நான் இரண்டு அடி பின்னால். பஸ்சுக்கு நின்ற சனம் பார்த்தது. "மான் விழுத்தின அம்மாதானே" என்று ஒரு குரல் கேட்டது. இன்னொருவன் கைபேசியைத் தூக்கினான்.

மாமி நின்றார். திரும்பி அவனைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. தொலைபேசியில் கப்டன்மாரோடு கதைத்த அதே குரல்.

"எடுக்கிறதெண்டால் முழுக்க எடு தம்பி. முந்தி எடுத்தவன் பாதியில இருந்துதான் எடுத்தவன். நான் நடந்து போறதையும் எடு. உன்ர அம்மாவுக்கும் காட்டு."

அவன் கைபேசியை இறக்கி, "இல்லை அம்மா, ரைம் பாத்தனான்" என்றான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் சிரித்தார். அவனைப் பார்த்துத்தான். மாமியும் கொஞ்சம் சிரித்தார். எழும்பி நின்ற மான் விலகவில்லை. மாமிதான் அதைச் சுற்றி நடந்து போனார்.

நான் சாதாரணமாக மனிதர்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன் இல்லை. அன்றைக்குத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு, தேருக்குப் பின்னால் போகிறவன் மாதிரி நடந்தேன்.

மண்டப வாசலில் அபூதாஹிர் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மாமியைக் கண்டதும் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, அண்டைக்கு நீங்க ஒண்டுமே சொல்லல்ல. வரமாட்டீங்களோ எண்டு நெனச்ச."

"நான் சொன்னனான். உனக்குத்தான் கேக்கேல்ல" என்றார் மாமி. "அதோட, அண்டைக்கு நீ போட்டிருந்த பாரை பழசு."

அபூதாஹிர் தலையைத் தொங்கப்போட்டார். "கமராவுக்குள்ளயும் கண்டுபிடிச்சிட்டீங்களே."

அவருடைய மனைவி உம்மு குல்சும் மாமியைக் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் போனார். "ஒங்களுக்கு வேறயாக் கோழி சமைச்சிருக்கு அக்கா, பயப்புடாமச் சாப்புடுங்க." நான் மறைப்புக்கு இந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு பெண் மெதுவாக, "மான் முட்டினது உங்களத்தானே?" என்று கேட்பது கேட்டது. சாப்பாட்டை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"முட்டேல்ல" என்றது மாமியின் குரல். "வல்லாரையை இழுத்தது. நான் விடேல்ல. அது அங்கால இழுக்க, நான் இஞ்சால இழுத்தன். பாதிக் கட்டு என்ர கையிலதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலதான் என்ர கையை விரிச்சு எடுத்தவங்கள்."

அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. மாமியின் சிரிப்பும் அதற்குள் இருந்தது. அந்தக் கதை எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். இணையத்தில் இருந்த படத்தில் அது இல்லை.

திரும்பி வரும்போது மாமி மறுபடியும் பஸ் நிலையத்தடியில் வண்டியை நிற்பாட்டினார். "அந்தக் கமராவை இஞ்ச நடு. விழுந்த இடத்தில."

"என்னத்துக்கு மாமி?"

"லக்சனாவுக்கு. அவளின்ர புருசனிட்ட விளையாடுற கண்ணாடி இருக்கெண்டு சொன்னவள். அதைப் போட்டுப் பாக்கட்டும்."

"உயரம் எவ்வளவு வைக்கிறது?"

"அவள் என்னிலும் கொஞ்சம் உயரம். நீ அளவாய் வை."

நட்டேன். ஒளிய இடம் தேடினேன். மாமி, "நீயும் நில். ஒளிக்க வேண்டாம்" என்றார். ஆகவே படத்தில் நானும் நிற்கிறேன், தம்பிராசாவும் நிற்கிறார், நாலு மானும் நிற்கின்றன. மாமி தடியின் முன்னால் வந்து நின்றார். கமராவுக்குக் கிட்ட, அபூதாஹிர் நின்ற மாதிரி.

"பிள்ளை, இதுதான் நான் விழுந்த இடம். வடிவாச் சுத்திப் பார். இப்ப நிக்கிறன். கலியாண வீட்டால வாறன். நான் வெள்ளவத்தைக்குப் போகமாட்டன். ஓகஸ்டில நீ வா, சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போறன். கடிதமும் எழுதேல்ல, ஆரிட்டயும் சொல்லியும் விடேல்ல. நேரில சொல்லுறன். நீ என்ன சொல்லுறாய்?"

சொல்லிவிட்டு நின்றார். ஒரு பஸ் வந்தது, போனது. நான் நிற்பாட்டப் போனேன்.

"பொறு. அவள் பதில் சொல்லட்டும்" என்றார் மாமி. கமராவில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

படத்தை அனுப்பினேன். அதற்கு அடுத்த நாள் காலை லக்சனா அழைத்தாள். என்னைத்தான் அழைத்தாள்.

"அம்மா அந்தச் சீலையை எப்ப எடுத்தவ?"

"பழசு மச்சாள்."

"நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினிக்குள்ள நிண்டனான். முகத்துக்கு நேர நிண்டு பாத்துக்கொண்டே நிக்கிறா. போறாவில்லை. நான் என்னண்டு இல்லையெண்டு சொல்லுறது?"

"அப்ப?"

"ஓம் எண்டிட்டன். பிள்ளையள் எனக்கு விசர் எண்டு நினைச்சிருப்பினம்." பிறகு சொன்னாள்: "விடுதிக்காரருக்கும் வேண்டாமெண்டு சொல்லிட்டன். நீ காலமை எழும்பப் பழகு."

"எழும்பித்தான் நிக்கிறன்" என்றேன். அது உண்மை.

மாமியிடம் சொல்லப் போனால், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் சந்தைப் பை.

"லக்சனா ஓமாம்" என்றேன்.

"அவள் சொல்லுவாள் எண்டு தெரியும். நான் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்." படலையைத் திறந்தார். "வாறதெண்டால் வா. முன்னுக்கு நடக்காதை."

சந்தையில் அபூதாஹிர் சொன்ன விலைக்கு மாமி வாங்கவில்லை. பிறகு ஒரு கட்டு வல்லாரை வாங்கிப் பையின் மேலே, இலை வெளியே தெரியும்படி வைத்தார். பஸ் நிலையத்தடியில் ஒரு மான் எழும்பி எங்கள் பக்கம் வந்தது. மாமி பையை மற்றக் கைக்கு மாற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் கண்ணைப் பார்த்தபடியே நடந்தார். கமராவை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.